திருவாதிரை மங்கியபோது

விண்ணியலிலும் இயற்பியலிலும் வரும் புதுச் செய்திகளை, அவற்றைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் கூடிப் பேசுவது, பழகப் பழகக் கைவரும் ஒரு கலை. பேச்சுக்குத் துணையாக இருண்ட வானம் இருந்தால் அது நன்றாக வளரும். கொல்லிமலையின் பைல் நாட்டுப் பக்கம் அத்தகைய வானம் இன்னும் மிச்சமிருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே வந்தால் சமவெளியின் தூசியும் வெளிச்சமும் பெரும்பாலும் கீழே நின்றுவிடும். நகரங்கள் இருக்கும் திசையில், அடிவானத்தில் மட்டும் ஒரு வெளிறல் தெரியும்.

இந்தக் கலையின் தரத்தைக் காட்ட 2019 டிசம்பரில் வந்த செய்தியே போதும். ஓரியன் கூட்டத்தின் சிவந்த விண்மீனான திருவாதிரை வழக்கத்தை விட மங்கத் தொடங்கியது. விண்மீன்களின் ஒளியை அளக்கும் எண் சிறிதானால் ஒளி கூடுதல் என்று பொருள். திருவாதிரைக்கு அந்த எண் வழக்கமாக 0.5 அளவில் இருக்கும். 2020 பிப்ரவரியில் அது ஏறக்குறைய 1.6 ஆகிவிட்டது. விண்மீன் வெடிக்கப்போகிறது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. வெடிப்பைப் பற்றிப் பேசுவது எளிது. மங்கியது உண்மையா என்று பார்ப்பதற்கோ தொலைநோக்கிகூட வேண்டாம், வெறுங்கண் போதும்.

அதற்கு ஒரு முறை உண்டு. ஒளி எண் தெரிந்த இரண்டு விண்மீன்களுக்கு நடுவில் திருவாதிரையை வைத்துப் பார்க்க வேண்டும். ரோகிணியின் எண் 0.9 அளவு; ஓரியனின் மறுதோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸின் எண் 1.6. ரோகிணியை விட மங்கலாகவும் பெல்லாட்ரிக்ஸுக்கு நிகராகவும் திருவாதிரை தெரிந்தால் செய்தி மெய்தான். இதில் இரண்டு பிசகுகள் நேரும். சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது கூடுதல் ஒளியுள்ளதாகத் தோன்றும். ஆகவே பார்வையைச் சட்டென்று மாற்றி மாற்றி ஒப்பிட வேண்டும். அடிவானத்தை ஒட்டிய விண்மீனின் ஒளியைக் காற்று அதிகமாக விழுங்கும். ஆகவே ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பவற்றையே ஒப்பிட வேண்டும். இவ்வளவும் தெரிந்து பார்த்தவரின் ஒரு வரிக் குறிப்பு, வெடிப்பைப் பற்றிய நூறு ஊகங்களை விடப் பெறுமதி உடையது. திருவாதிரை வெடிக்கவில்லை. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதன் ஒரு பகுதியை மறைத்தது என்ற விளக்கம் பின்னர் வந்தது.

இத்தகைய குறிப்புகள் வீண்போவதில்லை. ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றிய ஆர்வலர் கணிப்புகளைத் திரட்டும் அமெரிக்கச் சங்கம் ஒன்று 1911 முதல் இயங்குகிறது. வங்காளத்தின் ஜெஸ்ஸோரில் கருவூல ஊழியராக இருந்த ராதாகோவிந்த சந்திரா, அந்தச் சங்கத்துக்கு 37,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளை அனுப்பினார். 2019 ஆகஸ்டில் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்நட்சத்திரத்தைக் கண்டறிந்தவரும் ஓர் ஆர்வலரே, கிரிமியாவின் கென்னடி போரிசோவ். அவர் பயன்படுத்தியது தாமே செய்த 65 செ.மீ. தொலைநோக்கி.

கண்ணால் சரிபார்க்க முடியாத செய்திகளில்தான் பேச்சு தடம் புரள்கிறது. நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியை முந்தியதாக 2011 செப்டம்பரில் ஓப்பெரா சோதனைக் குழு அறிவித்தபோது, ஐன்ஸ்டீன் தோற்றார் என்று பலரும் முடிவு கட்டினார்கள். அக்குழுவோ பிழையைக் கண்டுபிடித்துத் தருமாறு உலக ஆய்வாளர்களைத்தான் கேட்டிருந்தது. சரியாகப் பொருந்தாத கண்ணாடியிழை இணைப்பு ஒன்றே பெருங்காரணம் என்று 2012-இல் தெரிந்தது. பேரண்டம் விரியும் வேகத்துக்கு (ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில்) ஓர் அளவீட்டு முறை 73 என்றும் இன்னொரு முறை 67 என்றும் விடை தருவதும் இப்படிப்பட்டதுதான். இரண்டில் எது சரி என்று கட்சி கட்டுவதால் பயனில்லை. முதல் எண் விண்மீன்களின் தொலைவை அளந்து வந்தது, இரண்டாவது பேரண்டத்தின் தொடக்ககால ஒளியிலிருந்து வந்தது. ஒவ்வொன்றிலும் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டால்தான் அந்தப் பேச்சு அறிவியலாகிறது.

இப்படி அறிவியல் பேசும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி தம் நெடிய வாழ்நாளில் அறிவியலைத் தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் அந்தப் பேச்சைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுசென்றது.

கொல்லிமலையில் எல்லா இரவும் வானம் பார்க்க வாய்க்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் மூடும், மார்கழியில் மூடுபனி படியும். தை பிறந்தபின் கோடை மழை தொடங்கும்வரை நல்ல காலம். திருவாதிரையும் அப்போது மாலையிலேயே உயர நிற்கும். கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது. அத்தகைய பூங்காவுக்குக் கட்டடத்தை விட முக்கியமானது, சுற்றியுள்ள தெருவிளக்குகளும் விடுதி விளக்குகளும் மேல்நோக்கி ஒளி சிந்தாதபடி மூடப்படுவது.