வாயுள்ள கொள்ளையன் பிழைப்பான்



நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் கூத்து இல்லாமல் தீராது. துரியோதனன் எத்தனை பெரிய கிரீடம் கட்டிக்கொண்டு வந்தாலும், விடியும்வரை கூட்டத்தைக் கலையாமல் உட்காரவைப்பவன் கட்டியங்காரன்தான். ராஜாவையே கிண்டலடிப்பான். பாரதக் கதைக்கு நடுவே பஸ் கட்டணத்தையும் ரேஷன் கடையையும் இழுத்துவிடுவான். அவனை ரசித்து வளர்ந்தவர்களுக்கு நான் இன்று பேசப்போகும் கம்ப்யூட்டர் விளையாட்டு அந்நியமாகப் படாது. அதன் பெயர் மங்கி ஐலண்ட்.

‘ஸ்டார் வார்ஸ்’ படம் எடுத்த ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்துக்கு லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் என்றொரு விளையாட்டுப் பிரிவு இருந்தது. அங்கே 1990-இல் ரான் கில்பர்ட் என்பவர், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டை உருவாக்கினார். கதை நடப்பது கரீபியன் தீவுகளில். கைபிரஷ் திரீப்வுட் என்ற ஒல்லிப் பையன் கடற்கொள்ளையன் ஆகவேண்டும் என்று வந்து இறங்குகிறான். சாராயக்கடையில் உட்கார்ந்திருக்கும் மூன்று கொள்ளையர் தலைவர்கள் அவனுக்கு மூன்று சோதனை வைக்கிறார்கள்: வாள்சண்டையில் ஜெயிக்க வேண்டும், ஒரு பொருளைத் திருட வேண்டும், ஒரு புதையலைத் தோண்ட வேண்டும். இடையில் லெசக் என்ற பேய்க் கொள்ளையன் வருகிறான். தீவின் கவர்னர் எலெய்ன் மார்லியைக் கடத்திக்கொண்டு போகிறான்.

கடத்தப்பட்ட பெண்ணைக் காப்பாற்றும் வழக்கமான கதைதானே என்று நினைப்பீர்கள். கடைசியில் பார்த்தால், தப்பிக்கும் வழியை எலெய்ன் தானே முன்னதாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். காப்பாற்றப் போன நம் நாயகன்தான் அதைக் கெடுக்கிறான். விளையாடுகிறவர் யாரோ, அவரைத்தான் கதை கேலி செய்கிறது. வீரதீரப் பிரதாபமே விற்பனையாகிற ஒரு துறையில் இதற்குத் துணிச்சல் வேண்டும்.

இந்த விளையாட்டின் உச்சம் வாள்சண்டைதான். அதில் கைவேகத்துக்கு வேலையே கிடையாது. எதிரி ஒரு வசை சொல்வான், பொருத்தமான எதிர்வசையை நாம் சொல்ல வேண்டும். பதில் சரியாக விழுந்தால் எதிரி பின்வாங்குவான், விழாவிட்டால் நாம் பின்வாங்க வேண்டும். எதிரி நம்மைப் பால்காரனோடு ஒப்பிட்டால், அவனை மாடாக்கிப் பதில் சொன்னால்தான் அடி விழும். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சி பாட்டாலேயே மோதிக்கொள்ளுமே, அந்தச் சுவைதான் இது.

இதன் நுட்பத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆரம்பத்தில் நமக்கு நல்ல பதில் எதுவும் தெரியாது. வழியில் போகிற கொள்ளையர்களிடம் மூக்குடைபட வேண்டும். தோற்கிற ஒவ்வொரு முறையும் எதிரியின் ஒரு வசை நம் கணக்கில் சேரும். அதையே அடுத்தவனிடம் வீசினால், அவன் சொல்லும் பதிலும் சேரும். இப்படித் தோற்றுத் தோற்று மூட்டை நிரம்பியபின் வாள்வித்தைத் தலைவி கார்லாவிடம் போகிறோம். அவள் நாம் கேட்டே இராத வசைகளைச் சொல்கிறாள். திகைத்துப்போய் நிற்கும்போதுதான் புரிகிறது, வசைகள்தான் புதியவை, பதில்கள் பழையவையே. உடம்பிலிருக்கிற ரத்தத்தையெல்லாம் கறந்துவிடுவேன் என்கிற தோரணையில் அவள் மிரட்டினால், அதே மாட்டுப் பதில் அங்கேயும் கச்சிதமாக உட்காரும். மனப்பாடம் செய்தவன் தோற்பான், பொருள் தெரிந்தவன் ஜெயிப்பான். இந்த வசைகளை எழுதுவதில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டும் உதவியிருக்கிறார்.

அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளில் ஒரு படி தவறி வைத்தால் சாவு, மறுபடி முதலிலிருந்து. கில்பர்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. விளையாடுபவரைத் தண்டிப்பது புதிர் ஆகாது என்று 1989-இலேயே கட்டுரை எழுதியவர் அவர். அதனால் கைபிரஷ் சுலபத்தில் சாகமாட்டான். மூச்சைப் பத்து நிமிடம் அடக்குவேன் என்று பீற்றிக்கொள்கிறான். தண்ணீருக்கடியில் அவனைப் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா விட்டால் மட்டும் சாவான். பயம் இல்லாத இடத்தில்தான் மனிதன் அசட்டுத்தனமாக எதையும் முயன்று பார்ப்பான். நகைச்சுவை பிறக்கிற இடமும் அதுதான்.

1991-இல் இரண்டாம் பாகம் வந்தது. இசையமைப்பாளர்கள் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் இருவரும் அதற்குச் செய்த ஐமியூஸ் என்ற ஏற்பாட்டால், கைபிரஷ் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குள் நுழைந்தால் மெட்டு அறுபடாமல் அந்த இடத்துக்கேற்ற வாத்தியத்துக்கு மாறும். வேஷக்காரரின் அடியைப் பார்த்து மிருதங்கமும் முகவீணையும் திரும்புகிற கூத்துமேடையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்த இரண்டாம் பாகத்தின் முடிவு ரசிகர்களைக் குழப்பியது. குழப்பத்தை அவிழ்க்காமலே கில்பர்ட் நிறுவனத்தைவிட்டு வெளியேறினார்.

நான் இந்தத் தொடருக்குள் வந்தது 1997-இல் வெளியான மூன்றாம் பாகத்தில். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். விழுப்புரத்து நண்பன் ஒருவன் சி.டி. கொண்டுவந்தான். பாதி இங்கிலீஷ் புரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினோம். எங்காவது மாட்டிக்கொண்டால் அவனுக்கு எஸ்.டி.டி. போட்டு, “மச்சான், அடுத்து என்னடா பண்றது?” என்று கேட்பேன். அவனும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பான். கையால் வரைந்த சித்திரம் போன்ற அந்தப் பாகத்தில் கடலில் வசைச்சண்டை வரும். அங்கே பதில் எதுகையோடு அமைந்தால்தான் செல்லும்.

ரசிகன் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ முடியாது. 2000-இல் வந்த நான்காம் பாகம் முப்பரிமாணத்துக்கு மாறி, சித்திரத்தின் அழகை இழந்தது. அதில் குரங்குகளோடு குரங்கு மொழியில் ஒரு சண்டை உண்டு. தாளும் பேனாவும் எடுத்துக் குறித்துக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. சிரிப்பு போய் வீட்டுப்பாடம் வந்துவிட்டது. 2009-இல் டெல்டேல் நிறுவனம் ஐந்து அத்தியாயங்களாக வெளியிட்ட பாகம் ஓரளவு மீட்டுத் தந்தது. 2022-இல் கில்பர்ட்டும் கிராஸ்மனும் மறுபடி சேர்ந்து ‘ரிடர்ன் டு மங்கி ஐலண்ட்’ செய்தார்கள். முப்பத்தோரு ஆண்டு விட்டுவைத்த முடிச்சைக் கையிலெடுத்தார்கள். கைபிரஷ் இப்போது தன் மகனுக்குக் கதை சொல்லும் அப்பா. மாட்டிக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாக வழிகாட்டும் குறிப்புப் புத்தகமும் உள்ளேயே இருக்கிறது. முடிவு பலருக்கு ஏமாற்றம், எனக்கு நிறைவு.

கிராஃபிக்ஸ் ஆண்டுக்கு ஆண்டு பழசாகிவிடும். நன்றாக எழுதிய வசனம் அப்படிப் பழசாவதில்லை. இந்தத் தொடர் இன்றும் நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது என் முடிவு. நேயர்களில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் ஆசையுள்ள இளைஞர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். முதல் பாகத்தை ஒருமுறை ஆடுங்கள். பிறகு உங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு முழு இரவு உட்கார்ந்து கூத்து பாருங்கள். தமிழில் இப்படியொரு விளையாட்டை எழுதுவதற்கு வேண்டிய வாய்த்துடுக்கு அங்கே கொட்டிக்கிடக்கிறது. எடுத்துக்கொள்ள ஆள்தான் வேண்டும்.