துயிலெடை மருந்து



துயில்வோரை எழுப்புதல் தமிழ்க் கவிதையின் பழந்தொழில். உறங்கும் மன்னரைச் சூதர் புகழ்பாடி எழுப்புவதைத் தொல்காப்பியம் ‘துயிலெடை நிலை’ எனப் புறத்திணையில் வகுத்தது. பின்னாளில் இறைவனுக்குப் பள்ளியெழுச்சி பாடப்பெற்றது. துயில் குரலுக்கு இசையும். அறுவைக் கூடத்து மயக்கமோ கத்திக்கும் அசையாதது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ அறுவைக்குச் சென்றவரின் உற்றார், “கண் திறந்தாரா?” என்று கதவருகே காத்திருப்பது அதனாலேயே.

இம்மயக்கத்தைத் தெளிவிக்க மருந்துண்டா? உண்டு என்று இலக்கியம் முன்பே கற்பனை செய்தது. 16ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பல்லாளரின் வடமொழி நூலாகிய போஜ பிரபந்தத்தில், மருத்துவர் இருவர் போஜ மன்னனை மருந்தால் மயக்கி, கபாலம் திறந்து நோய் நீக்கி, சஞ்சீவினியால் எழுப்புகின்றனர். இது வரலாறன்று, கதையே. எனினும் மயக்க ஒன்று, எழுப்ப மற்றொன்று என இரு மருந்துகளை அது வேண்டிற்று.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் ஈதர் கொண்டு நோயாளியை மயக்கி அறுவை செய்து காட்டினர். முதல் மருந்து கிட்டியது. இரண்டாவது கிட்டவில்லை. அபின் வகை மருந்துகளுக்கும் தசை தளர்த்தும் மருந்துகளுக்கும் முறிமருந்துகள் பின்னர் வந்தன. மயக்க வாயு மட்டும் மூச்சின் வழி தானே வெளியேற வேண்டும்.

2011இல் அதே பாஸ்டன் நகரின் கென் சோல்ட், எமரி பிரவுன் குழுவினர், கவனக்குறைபாடுடைய சிறார்க்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட்டை எலிகளுக்குச் செலுத்தினர். மூளையில் டோபமைனை மிகுவிக்கும் மருந்து அது. ஐசோஃபுளூரேன் வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே எலிகளிடம் விழிப்பின் அறிகுறிகள் தோன்றின. 2018இல் சிகாகோ ஆய்வாளர், காப்பியில் உள்ள காஃபீனை எட்டு ஆடவர்க்கு ஊசிவழி செலுத்தினர். விழிக்கும் நேரம் சராசரி 16.5 நிமிடத்திலிருந்து 9.6 ஆகக் குறைந்தது.

ஆயினும் அவ்வெண்மரும் நலமுடையோர், அறுவைக்கு ஆளாகாதோர். இதய நோயாளிக்கும் முதியோர்க்கும் கிளர்ச்சி மருந்து தீங்காகலாம். விழிப்பு விரைவதினும் தெளிவு பெரிது. இன்றும் அறுவை முடிந்ததும் மருத்துவர், நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்துக் கண் திறக்கச் சொல்கின்றார். அக்குரலுக்கு இசைந்த பின்னரே அவர் மீண்டதாகக் கொள்கின்றார். சூதரின் பணி இன்னும் முடிந்துவிடவில்லை.