பழைய சீட்டைக் கழற்றாதீர்கள்



வெள்ளறடையில் கூடியிருக்கிறோம். ஒரு பக்கம் நெய்யாற்றுக் காடு, மறுபக்கம் கூப்பிடு தூரத்தில் குமரி மாவட்டம். மான்கொம்பு வண்டுகளின் பெயர்க் குழப்பத்தைப் பேச இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காடு மட்டும் காரணமல்ல. இந்த மாநில எல்லையும் காரணம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடோன்டோலாபிஸ் பர்மீஸ்டெரி நீங்கள் அறிந்ததுதான். கரிய தலை, மஞ்சள் முதுகு. 1841இல் ஹோப் பெயரிட்டது. இதன் ஆண்களில் உடல் பெருத்ததற்குத் தாடை நீண்டு வளைந்து கொம்பாக நிற்கும். உடல் சிறுத்ததற்கோ குட்டைத் தாடை, ரம்பம்போல் பல். இரண்டும் ஒரு தாய் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம்; மட்கிய மரத்துக்குள் புழுவாகக் கிடந்த நாளில் கிடைத்த தீனி ஒன்றுக்கு அதிகம், மற்றதற்குக் குறைவு. ஊசியில் குத்தி அருகருகே வைத்தால் வெவ்வேறு இனம் என்று யாரும் அடித்துச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மான்கொம்பு வண்டுகளுக்கு இப்படித்தான் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் விழுந்தன. 1885இல் லியூத்னர் ஓடோன்டோலாபிஸ் கூட்டத்தை முழுமையாக ஆராய்ந்து, தாடை வடிவங்களை வகைப்படுத்தி, அவற்றை உரிய இனங்களுக்குள் சேர்த்தார். மான்கொம்பு வண்டுகளைப் பற்றி 1950இல் வெளிவந்த ஆரோவின் நூல் இன்றும் நம் மேசையை விட்டு அகலவில்லை. அந்த நூலைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

எதிர்த்திசைப் பிழை, அதாவது இரண்டு இனங்களை ஒரே பெயரில் சேர்ப்பது, இன்னும் ஆபத்தானது. பர்மீஸ்டெரியோடு ஓடோன்டோலாபிஸ் டெலெசெர்டி இனமும் இதே மலைத்தொடரில் உண்டு. கொம்பில்லாத பெண் வண்டுகளை, பக்கத்தில் இருக்கும் ஆணின் பெயரிலேயே சேர்த்துவிடுகிறோம். அந்தப் பெயர் கணினிப் பட்டியலுக்குப் போகிறது. அங்கிருந்து பரவல் வரைபடத்துக்கு. வரைபடத்திலிருந்து காட்டைக் காக்கும் திட்டத்துக்கு.

ஆனால் பெயர்ப்பிழைக்கு மருந்து உண்டு. வண்டு பெட்டியில் இருக்கும்வரை தாடையை அளக்கலாம், ஆண் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்க்கலாம். வண்டு கிடைத்த இடம் தொலைந்தால் என்ன செய்வது? வண்டின் ஊசியில் குத்திய பழைய சீட்டுகளில், பழைய சமஸ்தானத்தின் பெயரான 'திருவிதாங்கூர்' என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1956 நவம்பர் 1 அன்று, முன்பு அதில் அடங்கியிருந்த தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த ஒற்றைச் சொல்லைக் கொண்டு வண்டு எந்தக் காட்டினது என்று எப்படிச் சொல்வது? கேரளப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். குமரிக் காட்டு வண்டாகவும் இருக்கலாமே.

விடை கிடைக்கக்கூடிய இடம் அந்தச் சீட்டேதான். கையெழுத்து, மை, காகிதம், சேகரித்தவரின் பெயர், அதே கையெழுத்தில் வேறு பெட்டியில் இருக்கும் தேதியிட்ட வண்டு, வரவுப் பதிவேட்டின் வரி எண். இவற்றைக் கோத்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகையால் அழகாக அச்சடித்த புதுச் சீட்டை வைத்துவிட்டுப் பழையதைக் குப்பையில் போடும் பழக்கம் என் நெஞ்சைப் பதைக்க வைக்கிறது. திருத்தியவர் பெயரும் ஆண்டும் எழுதிய புதுச் சீட்டு அதே ஊசியில் கீழே ஏறட்டும். தவறான பெயரும் மேலே இருக்கட்டும். முன்னவர் ஏன் அப்படி நினைத்தார் என்பதும் பின்னவருக்குத் தேவை.

முதல் அமர்வுக்குப் பெட்டிகள் வந்துவிட்டன. ஆண்களை எல்லோரும் எடுப்பார்கள். பெண் வண்டுகளிலிருந்து தொடங்குங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.