கடையை மூடத் தெரிந்தவர்கள்



தொழில் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர இன்றைக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் பயிற்சி உண்டு, வங்கிகளில் கடன் முகாம் உண்டு, யூடியூபைத் திறந்தால் ஆளாளுக்கு யோசனை. தொழிலை மூடுவது எப்படி என்று சொல்லத்தான் யாரும் இல்லை. திருப்பூர்ப் பக்கத்து வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடன் வாங்க வந்தவர்களும் என் மேசைக்கு எதிரேதான் உட்கார்ந்தார்கள், கட்ட முடியாமல் போனவர்களும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். இவர்களில் யார் மறுபடி எழுந்தார்கள், யார் எழவில்லை என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு முடிவு உண்டு. எழுந்தவர்கள் பெரும்பாலும் பழைய தொழிலை ஒழுங்காக மூடியவர்கள்.

திருப்பூருக்கு அடி விழுவது புதிதல்ல. 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020-இல் ஊரடங்கு, அதிலிருந்து தலை தூக்குகிற நேரத்தில் நூல் விலை ஏற்றம். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி. ஒவ்வொரு தடவையும் பெரிய கம்பெனிகள் ஆட்டம் காணும், ஆனால் முதலில் விழுவது அவற்றுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்தான். அங்கே சனிக்கிழமையானால் சம்பளம் போட்டாக வேண்டும். பில் பணமோ இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து வரும். சிறுதொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, புகார் கொடுக்க மன்றமும் இருக்கிறது. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்பதுதான் ஊருக்கே தெரிந்த கதை. நடுவில் இருக்கிற இடைவெளியை மீட்டர் வட்டிக்காரர் வந்து அடைக்கிறார்.

வேலம்பாளையம் பக்கம் பன்னிரண்டு மெஷின் போட்டு நடத்திய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இன்றைக்கும் தொழிலில் இருக்கிறார். டெய்லராக வேலைக்குச் சேர்ந்து, காண்ட்ராக்ட் எடுத்து, பிறகு சொந்தமாக ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் போட்டு யூனிட் ஆக்கியவர். ஒரு நாள் வங்கி திறந்த கையோடு மனைவியோடு வந்தார். “சார், இனி ஓட்ட முடியாதுங்க. மூடிரலாம்னு இருக்கறனுங்க” என்றார். அதுவரை அவர் கணக்கில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். பொதுவாக என்னைத் தேடி வருகிறவர்கள் வங்கியின் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவர் கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு ஒன்று இருந்தது.

அதில் இருந்தது மனைவியின் கையெழுத்து. அந்த அம்மா ஒரு காலத்தில் செக்கிங் வேலை பார்த்தவர், பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். நோட்டிலும் அதே கண். இடது பக்கம் தர வேண்டியது, வலது பக்கம் வர வேண்டியது. வங்கி, எலாஸ்டிக் கடை, நூல் கடை, கூரியர், டீக்கடை 1,340 ரூபாய். கடைசி வரிக்கு முந்தின வரியில் ‘மாமா’ என்று எழுதி, தொகைக்குப் பக்கத்தில் ‘கேக்க மாட்டார், ஆனாலும் தரணும்’ என்று ஒரு குறிப்பு.

நேயர்களே, இந்த நோட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு கடன் என்று கேட்டால், விழுந்து கிடக்கிற ஆள்களில் பாதிப் பேர் “ஒரு பத்து, பதினஞ்சு இருக்குங்க” என்பார்கள். பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே ஐந்து லட்சம் இருக்கிறது! அந்த ஐந்து லட்சத்தில்தான் ராத்திரித் தூக்கம் போகிறது. எழுதிப் பார்த்தால் தொகை குறைந்துவிடாது. ஆனால் யாரிடம் நாளைக்கே பேச வேண்டும், யாரிடம் ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம் என்பது தாளில் தெரிந்துவிடும். வலது பக்கத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். வர வேண்டியதில் என்னென்ன இருக்கிறது என்று அந்த அம்மாவின் நோட்டைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ், மின் இணைப்புக்குக் கட்டிய டெபாசிட், பாதியில் நிற்கிற சீட்டு, மூலையில் கிடக்கிற கட்டிங் வேஸ்ட், காதர்பேட்டைச் சந்தைக்குப் போட்டால் காசாகிற மிச்சப் பீஸ்கள். எல்லாம் வரிசையாக இருந்தன.

மெஷின்களுக்கு வருவோம். பத்து மெஷின் வங்கிக் கடனில் வாங்கியவை, வங்கிக்கு ஈடாக எழுதிக்கொடுத்தவை. இந்த மாதிரி மெஷின்களை ராத்திரியோடு ராத்திரியாக டெம்போவில் ஏற்றி விற்றுவிட்டுச் செல்போனை அணைத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கடன்காரராக இருந்தவர் அன்றோடு மோசடிக்காரர் ஆகிவிடுகிறார், வழக்கின் நிறமே மாறிவிடும். இவர் கேட்டது வேறு. “நானே ஆள் பாத்து வித்துத் தர்றனுங்க, நீங்க அனுமதி மட்டும் குடுங்க.” ஏலத்தில் போகிற மெஷின் இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். துடைத்து, எண்ணெய் போட்டு, ஒரு துணியை ஓட்டிக்காட்டி, தொழில் தெரிந்த ஆளுக்கு விற்றால் கிடைக்கிற விலையே வேறு. வாங்குகிறவர் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்ட வேண்டும் என்று நிபந்தனை எழுதி மேலிடத்தில் அனுமதி வாங்கினோம். அவர் சொந்தக் காசில் முதன்முதலில் வாங்கிய பழைய ஓவர்லாக் ஒன்றும் பேட்லாக் ஒன்றும் மட்டும் வீட்டுத் திண்ணைக்குப் போயின.

அடுத்து, யாருக்கு முதலில் தருவது? வங்கிக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். முதலில் தொழிலாளியின் பாக்கிச் சம்பளம். அவர்கள் பெயரில் பிடித்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணமும் அதில் சேர்த்திதான், அதைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். அதற்குப் பிறகு எலாஸ்டிக் கடை, நூல் கடை மாதிரிச் சின்னக் கடன்காரர்கள். முழுசாகத் தர முடியாவிட்டாலும் நேரில் போய் ஒரு பகுதியைக் கொடுத்து, மீதிக்கு மாதம் சொல்லிவிட்டு வர வேண்டும். நாளைக்கு நீங்கள் மறுபடி ஆரம்பித்தால் கையெழுத்து வாங்காமல் சரக்குக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். வங்கியிடம் ஈடு இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அதனால் வங்கியை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை, வங்கிக்கு முன்கூட்டியே தகவல் வேண்டும் என்கிறேன். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதற்குப் பிறகு வீட்டை அடமானம் வைத்திருந்தால் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும், நாங்களே நினைத்தாலும் செய்யக்கூடியது குறைந்துவிடும். 90 நாளுக்கு முன்னால் வந்தால் தவணையை நீட்டலாம், வட்டியைத் தள்ளி வசூலிக்கலாம். 25 கோடி ரூபாய் வரையுள்ள சிறுதொழில் கடன்களை இப்படிப் பரிசீலிக்க வங்கிகளில் குழு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே சொல்லியிருக்கிறது. இந்தக் குழு இருப்பதே பல பேருக்குத் தெரியாது. தொழில் நடத்துகிறவரே எழுதிக் கேட்கலாம்.

மூடுவதில் இன்னும் சில்லறை வேலைகள் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும், ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கையில் இருக்கும் சரக்குக்கும் மெஷினுக்கும் எடுத்த வரிச்சலுகைக்கு அதில் கணக்குக் காட்ட வேண்டும். இதை அப்படியே போட்டுவிட்டுப் போனவர்கள், நாலு வருஷம் கழித்து அதே பான் எண்ணில் புதிதாகப் பதிவு செய்யப் போகும்போது பழைய பாக்கி முன்னால் வந்து நிற்கும். மின் இணைப்பை ஒப்படைக்காவிட்டால் மெஷின் ஓடாத மாதத்துக்கும் நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ‘உறுதிக்கு இருக்கட்டும்’ என்று அங்கங்கே கொடுத்து வைத்த தேதி போடாத செக்குகளை, கணக்கு முடிந்த இடத்தில் எல்லாம் திரும்பி வாங்கிவிட வேண்டும். செக் திரும்பி நோட்டீஸ் வந்துவிட்டால் பணம் கட்ட 15 நாள்தான். கடனைக் குறைத்துப் பேசி ஒரே தவணையில் முடித்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். முழுசாகக் கட்டியதற்கும் அதற்கும் அடுத்த வங்கி மேனேஜர் வித்தியாசம் பார்ப்பார். முடிகிறவர்கள் முழுசாகக் கட்டுவது நல்லது, முடியாதவர்கள் வட்டிக்கு வட்டி வளரவிடாமல் செட்டில்மென்ட் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் கொங்கு நாட்டில் தொழில் நொடித்தவர் முதலில் நிறுத்துவது விசேஷங்களுக்குப் போவதைத்தான். மொய் எழுத வேண்டுமே! போகாமல் இருக்க இருக்க ஆள் காணவில்லை என்ற பேச்சு பரவும், கடன்காரருக்கும் அது காதில் விழும், அன்றைக்கே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். நான் சொன்னவரின் வீட்டம்மா இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாளே போய், பந்திக்குக் காய் நறுக்கி, வேலை செய்து கொடுத்துவிட்டு வந்துவிடுவார். மொய் நோட்டில் பேர் இல்லாததை யாரும் பார்க்கவில்லை.

தோற்றது அவமானம் என்று நினைக்கிறவர்களுக்கு வங்கிக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. 1906 அக்டோபரில் சென்னையின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி அர்பத்நாட் திவாலானது. ஏகப்பட்ட குடும்பங்களின் சேமிப்பு அதில் போனது. பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் வேறு சிலரோடு சேர்ந்து, நகரத்தார் வணிகர்களின் துணையோடு ஒரு சுதேசி வங்கி தொடங்க முனைந்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1907 ஆகஸ்ட் 15-இல், இந்தியன் வங்கி திறந்தது. பணம் இழந்த ஊரே மறுபடி ஒரு வங்கியை நம்பிப் பணம் போட்டது.

நம் ஆளிடம் திரும்புவோம். யூனிட்டை மூடியதும் ஒரு பெரிய கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்தார். கொஞ்ச நாள் கழித்து வங்கிக்கு வந்தபோது கேட்டேன், எப்படி இருக்கிறது என்று. “நேத்து வரைக்கும் மொதலாளின்னவன் இன்னைக்கு மாஸ்டருங்கறானுங்க. ஆனா சனிக்கெழமை ராத்திரி தூக்கம் வருதுங்க சார்” என்றார். திண்ணையில் இருந்த இரண்டு மெஷின்கள் சாயங்காலத்தில் ஓடின. அவர் பிடித்துக்கொண்டது சாம்பிள் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு ஆர்டருக்கும் அளவு பார்க்க ஒரு சாம்பிள், எல்லா சைஸுக்கும் ஒரு செட், துணி வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் நாலைந்து பீஸ், எல்லாம் நாளைக்கே வேண்டும். லைன் ஓடிக்கொண்டிருக்கிற கம்பெனியில் அதை நிறுத்தி இதைத் தைக்க ஆள் கிடைக்காது. கழுத்துப்பட்டி சுருங்காமல் வைக்கத் தெரிந்த கை வேண்டும், வாங்குகிறவர் எதைப் பார்த்துக் குறை சொல்வார் என்று தெரிந்த கண் வேண்டும். இரண்டும் அந்த வீட்டில் இருந்தன. பீஸுக்கு நல்ல ரேட், காசும் கையோடு. முதல் வேண்டாம், ஆள் வேண்டாம், கடன் வேண்டாம்.

இன்றைக்கு ஐந்து மெஷின் வைத்திருக்கிறார். சேர்த்த மூன்றில் ஒன்று எங்கள் வங்கிக் கடனிலேயே வாங்கியது. பழைய கணக்கு பாக்கியில்லாமல் முடிந்திருந்ததால் அந்தக் கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட எனக்குப் பின் வந்த மேனேஜருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஜாப் ஒர்க் கேட்டு வந்தால் அட்வான்ஸ் இல்லாமல் எடுப்பதில்லை. ஆர்டர் போனாலும் போகட்டும் என்கிறார்.

மாதச் சம்பளத்தில் இருந்து வேலை போனவர்களைப் பற்றியும் பேசுவதாகத்தான் குறித்து வைத்திருந்தேன், ஜாப் ஒர்க் நேரத்தை எல்லாம் தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு வேலை போனால் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தருகிற திட்டம் ஒன்று உண்டு. இப்போது நடப்பில் இருக்கிறதா, உங்களுக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை முழுசாகக் கொண்டுபோய் யாரோ விற்கிற டீக்கடை உரிமத்தில் கொட்டாதீர்கள், முதலில் அந்த மாதிரி ஒரு கடையில் மூன்று மாதம் சம்பளத்துக்கு நின்று பாருங்கள். கடன் வசூல் ஆள்கள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்துவட்டிக்கு 2003-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். மனசு தாங்காத ராத்திரிகளில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஷட்டரை இறக்கலாமா என்ற யோசனையில் இருந்தால், நோட்டை எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே வங்கிக்குப் போங்கள், வீட்டில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு. மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவாக இருக்கும், மேனேஜரும் சாப்பிட்டிருப்பார். போன காரியம் நல்லபடியாக நடக்கட்டும்.