முழங்கால் நோவும் தொடையின் பலமும்

(திருக்கோவிலூரில் நம் சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர் உலகளந்த பெருமாள் ஒரு திருவடியை ஊன்றி, மற்றொன்றை விண்ணோக்கி உயர்த்தி நிற்கும் கோலத்தைச் சேவிக்க நம்மவர் பல ஊர்களினின்றும் வருகின்றனர். கோயில்வரை வந்தும் படியேற மாட்டாமல் வெளியே அமர்ந்துவிடும் தாய்மார்களும் அவர்களுள் உளர். தென்பெண்ணைக் கரையில் நாற்று நட்டுக் களையெடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். வினவினால், “முழங்கால் தேய்ந்துபோயிற்று, இனிச் செய்வதென்ன?” என்பர். அவ்வினாவுக்கு விடை கூறுதலே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முழங்காலைத் தாங்கி நிறுத்துவது தொடையின் முன்புறத் தசை. நான்கு பிரிவுகளையுடைய அத்தசை முழங்காற் சில்லைப் பற்றிச் சென்று, கீழ்க்காலின் எலும்பில் முடிகின்றது. இருக்கையினின்று எழுவதும், படியேறுவதும், இறங்குங்கால் உடற்பாரத்தை மெல்லத் தாங்குவதும் அதன் தொழில்களாம்.

மூட்டில் நோவும் நீரும் உண்டாகுமாயின், நரம்புகள் அத்தசையை முழு வலிமையோடு சுருங்கவொட்டாமல் தடுக்கின்றன. நாமும் நோவுக்கு அஞ்சி நடையைக் குறைக்கின்றோம். தசை மெலிகின்றது, மூட்டு தள்ளாடுகின்றது, நோவு மிகுகின்றது. 1997-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 462 பேரைச் சோதித்த ஆராய்ச்சியொன்று வெளிவந்தது. மூட்டுத் தேய்வுடையாருள் நோவோ தசைமெலிவோ இல்லாதாரிடத்தும் அத்தசையின் வலிமை குன்றியிருந்ததை அது காட்டிற்று. ஆதலின் இத்தளர்ச்சி நோவின் பயனாக மட்டுமன்றி, நோய்க்கு ஒரு காரணமாகவும் இருத்தல் கூடும்.

எம் தமக்கையார், “காலை அசைக்காதிருங்கள்” என்ற உறவினரின் அன்பான சொல்லைக் கேட்டு, ஓராண்டு திண்ணையே கதியென்றிருந்தார். முடிவில் பிறர் கைகொடாமல் எழ இயலாதவரானார். அருகிருந்தும் வாளாவிருந்த பிழையில் எமக்கும் பங்குண்டு. அதனாலேயே இதனை இங்கு வற்புறுத்துகின்றோம்.

செய்யத்தக்கது எளிது. உயரமான இருக்கையில் அமர்ந்து, ஒரு காலை மெல்ல நேரே நீட்டி 5 எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. இவ்வாறு ஒவ்வொரு காலுக்கும் 10 முறை செய்க. பின்னர், கையூன்றாமல் இருக்கையினின்று எழுந்து அமர்ந்து பழகுக. சிறிது நோவு தோன்றின் அஞ்சவேண்டா; மறுநாளும் மிகுந்து நிற்பின் அளவைக் குறைக்க. பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீளாது. நோவு குறைந்து நடை தேறும். மூட்டு சிவந்து வெதும்பினாலும், காய்ச்சல் கண்டாலும், அடிபட்டிருந்தாலும் முதலில் வைத்தியரையே நாடுக.

பொருளில்லையே என்று ஏங்கவும் வேண்டா. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், தேவைப்படுவோரின் இல்லத்திற்கே சென்று இயன்முறை வைத்தியம் அளிக்கவும் ஏற்பாடுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தறிக.

அன்பர்களே! முதியோரை உட்காரவைத்துச் சோறிடுதல் ஒன்றே பணிவிடையாகாது. கைகொடுத்து எழுப்பி, உடன் நான்கடி நடத்தலும் பணிவிடையே. இன்று மாலையே நம் வீட்டுத் திண்ணையில் அதனைத் தொடங்குவோமாக.