கசப்புக்கு எந்த ஹாப்ஸ்?

பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் கார், கண்ணாடி, டயர், கைபேசி என்று ஆலைகள் வரிசை கட்டி நிற்கும். போகிற வழியில் குத்தம்பாக்கத்தில் யுனைடெட் புரூவரீஸின் பீர் ஆலையும் உண்டு. யாரையும் குடிக்கச் சொல்லி வரவில்லை; பீருக்குள் இருக்கும் கசப்பைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

அது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவிலிருந்து வருகிறது. பெண்கொடியில் பூக்கும் பச்சைக் கூம்புக்குள் மஞ்சள் தூள் இருக்கும். அதிலுள்ள ஆல்ஃபா அமிலம், பார்லிச் சாற்றோடு கொதிக்கும்போது கசப்பாக மாறுகிறது. பீரைக் கெடுக்கும் சில பாக்டீரியாக்களையும் அந்தக் கசப்பு அடக்கிவைக்கும். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கடல் கடந்து இந்தியா வந்த பீரில் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டார்கள். 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அந்த வணிகத்தில் பிறந்ததுதான்.

ரகத்துக்கு ரகம் குணம் வேறு. செக் நாட்டு ஸாட்ஸில் ஆல்ஃபா அமிலம் 3, 4 சதவீதம்தான்; மென்மையான வாசத்துக்குப் பேர்போனது. 1972-இல் அமெரிக்காவில் வெளியான காஸ்கேடில் பம்பளிமாஸ் வாசம் அடிக்கும். ஜெர்மனியின் மேக்னத்தில் அமிலம் 12 சதவீதத்துக்கும் மேல். ஸாட்ஸ் 4 கிலோ தரும் கசப்பை மேக்னம் ஏறத்தாழ 1 கிலோவிலேயே தந்துவிடும்.

நம் ஊரில் அதிகம் விற்பது ஸ்ட்ராங் பீர். அதையும் ஜில்லென்று குடிப்பார்கள். குளிர்ச்சியில் வாசம் பாதி தெரியாது. ஒரு மணி நேரம் கொதித்தாலோ வாசனை எண்ணெய் ஆவியாகிப் போகும். அப்படிப்பட்ட பீருக்கு விலை உயர்ந்த வாசனை ரகம் வீண் செலவு, மேக்னமே போதும் என்பேன். வாசம்தான் வேண்டும் என்றால் ஸாட்ஸையோ காஸ்கேடையோ கொதி முடியும் நேரத்தில் போட வேண்டும்.

எந்த ரகமானாலும் வெயிலும் காற்றும் பட்டால் வீரியம் போய்விடும், சமயத்தில் பாலாடைக்கட்டி நாற்றமும் வரும். சென்னை வெயிலில் இது சின்ன விஷயமில்லை. ரகத்தின் பெயரைவிட, அறுவடை ஆண்டையும் குளிர்பதனத்தில் வந்ததா என்பதையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரகடத்திலேயே பயிரிடலாமே என்றால், கஷ்டம். ஹாப்ஸுக்கு நீண்ட கோடைப்பகலும் கடுங்குளிரும் வேண்டும். இங்கே மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது.

ஹாப்ஸ் வாங்கி வீட்டில் பீர் காய்ச்சிப் பார்க்கலாமா என்று நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.