நன்னடத்தை அதிகாரியும் தலையெழுத்தும்



குற்றவாளியை ஜெயிலில் அடைக்காமல், ஒரு நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் வெளியில் விட்டுத் திருத்தும் முறையைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

இம்முறையை எந்த ரிஷியும் தவமிருந்து கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவிலே பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்கின்ற பூட்ஸ் தைக்கும் தொழிலாளி 1841ல் ஒரு குடிகாரனுக்கு ஜாமீன் நின்று, மூன்று வாரத்தில் அவனை ஆள் மாறியவனாகக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். 1858க்குள் 1,946 பேருக்கு ஜாமீன் நின்றார். அவர் விசாரித்ததெல்லாம் ஆளின் வயதென்ன, நடத்தையென்ன, இனி யார் சகவாசத்தில் இருப்பான் என்பவைதான். பூர்வ ஜென்ம பாவத்தை விசாரிக்கவில்லை.

நம் சென்னை மாகாணத்தில் 1936ம் வருஷத்திலும், பிறகு 1958ல் இந்தியாவுக்குப் பொதுவாகவும் இதற்குச் சட்டங்கள் ஏற்பட்டன. 1958ம் வருஷச் சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டவன் செய்த குற்றம் ஆயுள் தண்டனைக்குரியதல்லவென்றால், தக்க காரணம் எழுதாமல் அவனை ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது. அதற்குமுன் அதிகாரியின் ரிப்போர்ட்டையும் கேட்டுப் பார்க்கவேண்டும். அதிகாரி மேற்பார்வை செய்வதோடு, அவசியமானால் வேலை தேடிக்கொடுக்கவும் முயலவேண்டும். நஷ்டப்பட்டவனுக்கு ஈடு கொடுக்கச் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே இது குற்றத்திற்குக் கொடுக்கும் சலுகையல்ல.

சட்டம் சரிதான். ஆனால் ரிப்போர்ட் எழுதுகிறவர் தலைக்குள் என்ன இருக்கிறது? "திருடன் மகன் திருடன்தானே, அந்த ஜாதிப் புத்தி எங்கே போகும்" என்று ஒருவர் நினைத்தால், விசாரணைக்குப் புறப்படுமுன்பே ரிப்போர்ட் முடிந்துவிட்டது! பிறப்பினாலேயே ஜனங்களைக் குற்றப் பரம்பரை என்று சொல்லி, 1871ல் வந்த சட்டம் இந்நாட்டில் 1952ல்தான் அடியோடு ஒழிந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒழிந்தது மனதிலிருந்தும் ஒழிய வேண்டாமா?

எல்லாம் தலையெழுத்து என்றால் அதிகாரி எதற்கு? அவருக்குச் சம்பளம்தான் எதற்கு? மனிதன் திருந்துவான் என்று நம்பாதவர் இவ்வேலை பார்ப்பது, நோய் தீராது என்று நம்புகிறவன் வைத்தியம் பார்ப்பது போன்றதேயாகும். அவரிடம் பையன் கையெழுத்துப் போட்டுப்போவான், திருந்தமாட்டான். வீட்டு நிலை பார்த்து, கூலி வேலைக்கு வழி செய்கிறவரிடந்தான் உண்மையைச் சொல்லுவான்.

தோழர்களே! அதிகாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் விசாரிக்க வருவது உங்கள் தெருவுக்குத்தான். "அவன் குலமே அப்படி" என்று நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் ஒரு சொல், ஒரு வாலிபனை ஜெயிலில் தள்ளக்கூடும். ஆகையால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். திருந்தி வந்தவனுக்கு வேலை கொடுங்கள். இவ்வளவுதான் நான் கேட்டுக்கொள்வது.